பயாஃப்ராவின் பசியும் திருச்சபைகளின் இரவு விமானங்களும்

1967 மே 30 அன்று நைஜீரியாவின் கிழக்குப் பிராந்தியம் பயாஃப்ரா என்ற பெயரில் தன்னைத் தனிநாடாகப் பிரகடனம் செய்தது. ஜூலையில் போர் மூண்டது. 1968 மே மாதம் துறைமுக நகரான போர்ட் ஹார்கோர்ட் நைஜீரியப் படைகளிடம் வீழ்ந்ததும், இக்போ மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்நிலம் கடல்வழியை முற்றாக இழந்தது. உணவுத் தடை என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புரதச்சத்துக் குறைவால் வயிறு வீங்கிய குழந்தைகளின் படங்கள் அந்த ஆண்டே உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன.

உணவு பகலில், தமது சோதனைக்குப் பின்னரே செல்ல வேண்டும் என்றது நைஜீரிய அரசு. பயாஃப்ராத் தலைமை அதை ஏற்கவில்லை. இந்த இழுபறிக்கு நடுவில்தான் திருச்சபைகள் இறங்கின. கத்தோலிக்கரின் கரித்தாஸ் அமைப்பும், உலகத் திருச்சபைகள் மன்றத்தைச் சேர்ந்த புரட்டஸ்தாந்துச் சபைகளும், நோர்டிக் நாடுகளின் சபைகளும் 'கூட்டுத் திருச்சபை உதவி' என்ற பெயரில் ஒன்றிணைந்தன. நூற்றாண்டுகளாக ஒரே பீடத்தில் நற்கருணை பகிராதவர்கள் ஒரே விமானத்தில் மூட்டைகளை ஏற்றினர்.

போர்த்துக்கேயர் வசமிருந்த சாவோ தோமே தீவிலிருந்து விமானங்கள் இரவில் மட்டும் புறப்பட்டன. இறங்கியது ஊலி என்ற இடத்தில். நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை அகலப்படுத்தி அமைத்த ஓடுபாதை அது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, விமானம் தரையை நெருங்கும்போது மட்டும் சில கணங்கள் விளக்குகள் எரிந்தன. உலர்மீன், பால்மா, உப்பு, மருந்து ஆகியவை இருளிலேயே இறக்கப்பட்டு, மிஷன் நிலையங்களின் உணவு மையங்களுக்குச் சென்றன. 1969 ஜூனில் செஞ்சிலுவைச் சங்க விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டபின் அச்சங்கம் தன் பறப்புகளை நிறுத்தியது. திருச்சபைகளின் விமானங்கள் தொடர்ந்தன. 1970 ஜனவரியில் போர் முடியும்வரை 5,300க்கும் மேற்பட்ட பறப்புகளில் சுமார் 60,000 தொன் பொருட்கள் சென்றன. விமானிகளும் பணியாளர்களும் பலர் உயிரிழந்தனர்.

இந்தப் பணி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஆயுத விமானங்களும் அதே ஊலியில், அதே இருளில்தான் இறங்கின. உணவு விமானங்கள் அவற்றுக்கு மறைப்பாக அமைந்தன என்றும், உதவியே போரை நீடித்தது என்றும் குற்றச்சாட்டு இன்றும் உண்டு. 1968 ஆகஸ்டில் தடையை ஊடறுத்து உணவு கொண்டுவந்த சுவீடன் விமானி கார்ல் குஸ்தாவ் வான் ரோசன், அடுத்த ஆண்டு பயாஃப்ராவுக்காக நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். போரின் பின் அயர்லாந்து மிஷனரிகள் பலர் வழக்குத் தொடரப்பட்டு நாடுகடத்தப்பட்டனர்.

பத்து இலட்சம் அல்லது அதற்கும் அதிகமானோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது; பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். அந்த விமானங்களால் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவை வராதிருந்தால் இறப்பு இன்னும் பெருகியிருக்கும்.

பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக்கூடாது என்ற தடை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறைகளில் எழுதப்பட்டது. இரண்டாவது நெறிமுறை உள்நாட்டுப் போர்களுக்கும் அதைப் பொருத்தியது. இலங்கை அந்த நெறிமுறைகளில் இணையவில்லை. ஊலியில் மூட்டை இறக்கியவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. பசித்தவருக்கு உணவளி என்ற வேதக் கட்டளை மட்டுமே அவர்களிடம் இருந்தது.