அருவியாற்றங்கரை இரவுகள்

மகாவலிக்கு அடுத்து இலங்கையின் நீளமான ஆறு அருவியாறு, 164 கிலோமீற்றர். சிங்களத்தில் மல்வத்து ஓயா, மகாவம்சத்தில் கதம்ப நதி. அநுராதபுரத்தைத் தொட்டு வடமேற்கே திரும்பி, வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கமாக வந்து, அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது. கூடாரமும் முதுகுப்பையுமாக மோட்டார் சைக்கிளில் தனியே புறப்படும் இன்றைய இளைஞர்களுக்கு இந்த ஆற்றங்கரையின் மருதமர நிழல் ஒரு கனவு. ஆனால் வன்னிக் காட்டில், ஆற்றோரத்தில், வாடகை கொடுக்காமல் இராத் தங்கியவர்களின் வரலாறு மிகப் பழையது. அவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காக அங்கே படுத்தவர்கள் அல்லர்.

தங்குவதற்கு ஆற்றங்கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் தண்ணீர்தான். வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் வன்னியில் ஆடி ஆவணியில் ஆறுகள் மணற்பாதைகளாகிவிடும். ஆனாலும் மணலைக் கையால் தோண்டிச் சற்றுப் பொறுத்தால் ஊற்று சுரக்கும். கலங்கல் தெளிந்ததும் அள்ளிக் குடிக்கலாம், சோறு காய்ச்சலாம். அதே தண்ணீரைத் தேடி யானையும் கரடியும் வரும் என்பதால் இருட்டுமுன் விறகு சேர்ப்பதும் பயணத்தின் வேலையாயிற்று.

இந்தக் கரையில் கழிந்த இரவுகளை எழுத்தில் விட்டுச் சென்றவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை, ஊர்களில் வாழவிட்டார்கள், நாட்டைவிட்டுப் போகத்தான் விடவில்லை. அவர் தொப்பி பின்னி விற்றார், சில்லறைச் சாமான் சுமந்து வியாபாரம் செய்தார். அந்த வியாபாரமே வடக்கே போகும் வழிகளை அவருக்குக் காட்டிக் கொடுத்தது.

1679 செப்டெம்பரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு, வியாபாரி வேடத்திலேயே கிளம்பினார். அநுராதபுரத்தை அடைந்ததும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். ஆறு எப்படியும் கடலில்தான் முடியும். கடலோரத்தில் ஒல்லாந்தர் இருந்தார்கள்.

அவர்கள் மூட்டையில் இருந்தவற்றை நொக்ஸ் தமது நூலில் வரிசையாகச் சொல்கிறார். அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீர் மொள்ள இரண்டு சுரைக்குடுவை. மழை வந்தால் கூடாரமாக விரித்து அடியில் படுக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. கருப்பட்டி, புகையிலை, வெற்றிலை. ஒன்று பழுதானாலும் இன்னொன்று உதவட்டுமென்று ஒன்றுக்கு மேற்பட்ட தீமூட்டும் பெட்டிகள். முள் தைக்காதிருக்கச் செருப்புத் தைக்க ஒரு மான்தோல். கையில் நீண்ட தடியில் கட்டிய கோடரி, இடுப்பில் கத்தி. இன்று காட்டுக்குப் போகிறவர் எழுதும் பட்டியலும் இதிலிருந்து அதிகம் மாறாது. ஓலை இருந்த இடத்தில் நைலோன் வந்திருக்கிறது.

தமிழர் வாழ்ந்த வன்னிப் பகுதிக்குள் வந்தபோது, மரத்தடியில் அரிசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்த இரண்டு பிராமணரைக் கண்டதாக நொக்ஸ் எழுதுகிறார். அந்த ஒரு வரி பெரிய சான்று. உயிருக்குப் பயந்து ஓடும் அந்நியனுக்கு வாழ்வா சாவா என்றிருந்த அதே காட்டில், உள்ளூர் வழிப்போக்கர் அடுப்பு மூட்டி ஆறுதலாகச் சமைத்திருக்கிறார்கள். 1679 ஒக்டோபர் 18இல் நொக்ஸும் றட்லண்டும் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் இந்தப் பக்கக் காடுகளில் வேறு மனிதர்கள் படுத்தார்கள். கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் கங்காணியின் பின்னால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் அதிகம் தேவை. அதனால் வேலை முடிந்ததும் பலர் அதே வழியே ஊர் திரும்பினார்கள். காய்ந்த குளங்கள், வாந்திபேதி, அம்மை, காட்டு விலங்குகள். நோயில் விழுந்தவர்கள் வழியோரத்திலேயே கைவிடப்பட்டார்கள். கிணறுகளும் தங்கு கொட்டில்களும் பின்னர்தான் வந்தன. நொக்ஸைப் போல இவர்களில் ஒருவரும் நூல் எழுதவில்லை. அந்தப் பாதை 19ஆம் நூற்றாண்டின் முடிவில் மூடப்பட்டது. 1914இல் தலைமன்னார் ரயில் ஓடத் தொடங்கியபின் செட்டிகுளம் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகப் பயணிகளுக்கு அறிமுகமானது.

மகிழ்ச்சியோடு காட்டில் தங்கியவர்களும் உண்டு. மடு மாதா கோயிலின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் வழியில் நீர் கண்ட இடத்தில் வண்டி அவிழ்த்தார்கள். கோயிலைச் சுற்றிய மரங்களின் கீழ் கொட்டில் போட்டுக் குடும்பமாகத் தங்கினார்கள். கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

2009இல் இதே அருவியாறு மறுபடியும் கூடாரங்களைக் கண்டது. போரின் முடிவில் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். ஒரு கட்டத்தில் 2 இலட்சத்துக்கும் மேல். குளிக்கவும் துவைக்கவும் பலருக்கு இந்த ஆறுதான் கிடைத்தது. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. தறப்பாள் கூடாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்களிடம் போய்க் கூடார வாழ்க்கை ஒரு சாகசம் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே வன்னியில் ஆற்றோரம் தங்க விரும்புகிறவர்கள் முதலில் ஊருக்குள் போய்க் கேட்கவேண்டும். கண்ணிவெடி அகற்றிய நிலம் எது, யானை இறங்கும் துறை எது, மாரியில் மேலேயுள்ள குளத்தைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அங்குள்ளவர்களுக்கே தெரியும். ஒதுக்குக் காடு என்றால் அனுமதியும் வேண்டும். செட்டிகுளத்துப் பாடசாலைகளுக்கும் பிரதேச சபைக்கும் ஒரு வேண்டுகோள்: ஆற்றங்கரையில் ஒரு பலகை நாட்டுங்கள். அதில் நொக்ஸின் பெயர் இருக்கட்டும். பெயர் தெரியாத கோப்பித் தோட்டத் தொழிலாளரும், மெனிக் பாமில் இருந்தவர்களும் அதே அளவு எழுத்தில் அங்கே இடம்பெற வேண்டும்.