பந்தயக் கார் ஓட்டுநர்களின் ஊதியம்: ஒரு வரலாற்றுப் பார்வை

பார்முலா ஒன் பந்தயங்களில் முன்னணியில் இருக்கும் ஓட்டுநர்கள் ஆண்டுக்குச் சில கோடி டாலர் ஊதியம் பெறுகின்றனர். இவ்வளவு பணம் இவர்களுக்குத் தகுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. "உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறார்களே" என்பதே பலரும் சொல்லும் மறுமொழி. ஆனால் வரலாறு இந்த மறுமொழியை ஏற்பதில்லை. ஓட்டுநர்கள் அதிகமாக இறந்த காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த பணம் குறைவு. மரணம் அரிதான பிறகே ஊதியம் வானளாவ உயர்ந்தது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பரிசு காருக்கே

1894-ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் நகர் வரை நடந்த போட்டியே கார்ப் பந்தய வரலாற்றின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஒரு பிரெஞ்சு நாளிதழ் 5,000 பிராங்க் பரிசு அறிவித்து இதை நடத்தியது. முதலில் வந்து சேர்ந்தது தெ தியோன் பிரபுவின் நீராவி வண்டி. ஆனால் அதற்கு நெருப்பை மூட்டிக்கொண்டிருக்கத் தனி ஆள் தேவைப்பட்டது. எனவே முதல் பரிசு பெஜோ, பன்ஹார்ட் ஆகிய இரு கார் நிறுவனங்களுக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் எமில் லெவசோர் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் தொலைவை 48 மணி 48 நிமிடத்தில் கடந்து முதலில் வந்தார். பெரும்பாலும் அவரே ஓட்டினார், உறக்கமும் இல்லை. ஆனால் அவருடைய கார் இரண்டு இருக்கைகள் கொண்டது, விதிகளோ நான்கு இருக்கைக் கார்களுக்கே முதல் பரிசு என்றன. எனவே 31,500 பிராங்க் பரிசு சுமார் 11 மணி நேரம் கழித்து வந்த பெஜோ காருக்குப் போனது. 1896-ல் மற்றொரு பந்தயத்தில் காயமடைந்த லெவசோர் அடுத்த ஆண்டு இறந்தார். அக்காலத்தில் பந்தயம் என்பது காரை விற்பதற்கான விளம்பரம். ஓட்டுபவரின் திறமைக்குத் தனி விலை இருக்கவில்லை.

1906-ல் லெ மான் நகருக்கு அருகே முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்தது. 'கிராண்ட் பிரீ' என்றால் 'பெரும் பரிசு' என்று பொருள். பரிசுத் தொகை 45,000 பிராங்க். ரெனோ நிறுவனத்தின் ஹங்கேரிய ஓட்டுநர் பெரென்ஸ் சிஸ் அதை வென்றார். 1911-ல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் வென்ற ரே ஹாரூனுக்கு முதல் பரிசாக 10,000 டாலர் அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் தாம் ஓட்டிய மார்மன் காரின் நிறுவனத்திலேயே பொறியாளராகப் பணியாற்றியவர்.

குறைந்த பணம், மிகுந்த மரணம்

பார்முலா ஒன் உலகப் போட்டி 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கியது. அப்போது வருமானத்தின் பெரும்பகுதி 'தொடக்கப் பணம்'. அதாவது, பந்தயத்தில் கலந்துகொள்வதற்காக அமைப்பாளர்கள் அணிகளுக்குக் கொடுத்த தொகை. ஒவ்வோர் ஊர் அமைப்பாளரிடமும் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும். ஓட்டுநருக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கும். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஹுவான் மானுவல் பாஞ்சியோ, அர்ஜென்டினாவில் மெக்கானிக்காகத் தொழில் தொடங்கியவர். அவருக்கு எதிரே செல்வந்தர்களும் பிரபுக்களும் பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டினர்.

ஆபத்தோ இன்று கற்பனை செய்ய முடியாத அளவில் இருந்தது. 1955-ல் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 80-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1968-ல் ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் ஒருவராக ஜிம் கிளார்க், மைக் ஸ்பென்ஸ், லுடோவிகோ ஸ்கார்பியோட்டி, ஜோ ஷ்லெசர் ஆகிய நான்கு ஓட்டுநர்கள் வெவ்வேறு பந்தயங்களில் இறந்தனர். 1970-ல் மோன்சாவில் இறந்த யோகன் ரிண்ட், இறந்த பிறகே அவ்வாண்டின் உலகச் சாம்பியனாக அறிவிக்கப்பட்டார். உயிருக்கான விலையே ஊதியம் என்றால், வரலாற்றிலேயே உயர்ந்த ஊதியம் இவர்களுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

விளம்பரமும் தொலைக்காட்சியும்

1968-ல் வெளி நிறுவனங்களின் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது. அதுவரை நாட்டு நிறங்களில் ஓடிய கார்கள் புகையிலை நிறுவனங்களின் நிறங்களுக்கு மாறின. பிரிட்டனின் பச்சை நிறத்தைக் கைவிட்டு ஒரு சிகரெட் நிறுவனத்தின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களை லோட்டஸ் அணி ஏற்றுக்கொண்டது. 1981-ல் கையெழுத்தான கான்கார்ட் உடன்படிக்கைக்குப் பின் தொலைக்காட்சி உரிமைகள் ஒருங்கிணைந்து விற்கப்பட்டன. பெர்னி எக்லெஸ்டன் இந்த வணிகத்தை வளர்த்தார். உலகெங்கும் வீடுகளில் பந்தயம் தெரிந்தபோது, ஓட்டுநரின் முகமும் தலைக்கவசமும் விற்பனைப் பொருள்களாயின.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் விபத்துக்குள்ளாகி, பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கிக் கிடந்தவர் அவர். அதன்பின் பாதுகாப்புத் தடுப்புகள், மருத்துவ வசதி ஆகியவற்றுக்காகப் போராடினார். தமக்குக் கிடைத்த புகழை வருமானமாக்கியது போலவே, ஓட்டுநர்களின் உயிரைக் காக்கும் ஆயுதமாகவும் பயன்படுத்தினார்.

நிக்கி லௌடா 1976-ல் நூர்பர்க்ரிங் களத்தில் தீயில் கருகி, ஆறே வாரங்களில் மீண்டும் பந்தயத்துக்கு வந்தவர். ஓய்வு பெற்ற அவரை 1982 பந்தயங்களுக்காக மெக்லாரன் அணி அழைத்தபோது பெருந்தொகை கேட்டார். காரை ஓட்ட ஒரு டாலர் போதும், மீதித் தொகை தம் ஆளுமையின் விளம்பர மதிப்புக்கு என்று அவர் வாதிட்டதாகச் சொல்லப்படுகிறது. புதிய பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்குவது கடினம்.

கியாலமி வேலைநிறுத்தம்

அதே 1982 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஓட்டுநரை ஒரே அணியுடன் கட்டிப்போடும் விதியும், போட்டியை விமர்சிப்பதைத் தடுக்கும் விதியும் புதிய உரிமத்தில் இருந்தன. லௌடாவும் டிடியே பிரோனியும் தலைமை தாங்க, ஓட்டுநர்கள் பேருந்தில் ஏறி ஒரு விடுதிக்குச் சென்று இரவு முழுவதும் ஒன்றாகத் தங்கினர். பேச்சுவார்த்தைக்குப் பின் பந்தயம் நடந்தது. அணி மாறும் உரிமை இல்லாத திறமைக்குச் சந்தையில் விலை இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதே ஆண்டில் ஜில் வில்நெவ் இறந்தார். பிரோனி கால்கள் நொறுங்கிப் பார்முலா ஒன்னை விட்டே விலகினார்.

இமோலாவில் இரு மரணங்கள்

1993-ல் அயர்டன் சென்னா மெக்லாரன் அணியில் பந்தயத்துக்குப் பத்து லட்சம் டாலர் பெற்றதாகக் கூறப்பட்டது. 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் அவர் இறந்தபோது உலகமே துயரில் ஆழ்ந்தது. அதற்கு முந்தைய நாள் அதே களத்தில் ரோலண்ட் ராட்சன்பர்கர் என்ற ஆஸ்திரிய ஓட்டுநர் இறந்திருந்தார். சிம்டெக் என்னும் சிறிய அணியில் ஐந்து பந்தயங்களுக்கான இடத்தை ஆதரவாளரின் பணத்தைக் கொண்டு பெற்றவர் அவர். ஒரே களம், ஒரே ஆபத்து, ஒரே முடிவு. ஒருவர் ஓட்டுவதற்குப் பணம் பெற்றார், மற்றவர் ஓட்டுவதற்குப் பணம் கொண்டுவந்தார்.

பணம் கொண்டுவரும் ஓட்டுநர்கள் இன்றும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருக்கும் இந்திய நிறுவனங்களின் ஆதரவு இன்றியமையாததாக இருந்தது. சிறுவயதில் கார்ட்டிங் தொடங்கி மேல்நிலைக்கு வரும்வரை செலவு மிகப் பெரிது. லூயிஸ் ஹாமில்டனின் தந்தை மகனின் பந்தயச் செலவுக்காகப் பல வேலைகள் பார்த்தார். இளவயதிலேயே மெக்லாரன் அணியின் ஆதரவு கிடைத்திராவிட்டால் அவர் ஏழு பட்டங்கள் வென்றிருப்பது கடினம்.

தகுமா?

ஓட்டுநரின் உழைப்பு எளிதானதன்று. வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும்போதும் புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு விசையைக் கழுத்து தாங்க வேண்டும். 2023-ல் கத்தார் பந்தயத்தின் வெப்பத்தில் எஸ்டபான் ஓகான் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தும் ஓட்டி முடித்தார். லோகன் சார்ஜென்ட் உடல் தளர்ந்து விலகினார். 2025-ல் இப்போட்டியில் இருந்தவை 20 இடங்களே. உலகெங்கும் பார்வையாளர்களும் விளம்பரதாரர்களும் கொட்டும் பணம் யாரைப் பார்ப்பதற்காக வருகிறதோ அவருக்கு அதில் பெரும்பங்கு சேர்வது நியாயமே. அது அவருக்குப் போகாவிட்டால் அணி முதலாளிக்குப் போகும்.

ஆனால் ஆபத்தைக் காட்டி இந்த ஊதியத்தை நியாயப்படுத்த முடியாது. 1994-க்குப் பின் பார்முலா ஒன் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஏற்பட்ட காயத்தால் இறந்த ஓட்டுநர் ஜூல் பியாங்கி ஒருவரே. அதே காலத்தில் 2000-ல் மோன்சாவிலும் 2001-ல் மெல்போர்னிலும் கழன்று பறந்த சக்கரங்களால் இரண்டு களப் பணியாளர்கள் உயிரிழந்தனர். களப் பணியாளர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, முதல் ஆண்டில் அது 14.5 கோடி டாலர். ஓட்டுநர்களின் ஊதியமும் மிக உயர்ந்த ஊதியம் பெறும் மூன்று அலுவலர்களின் ஊதியமும் இந்த வரம்பில் சேராது. மெக்கானிக்குகளின் ஊதியம் சேரும்.

ஆக, முன்னணி ஓட்டுநரின் ஊதியம் அவர் ஈட்டித் தரும் பணத்தின் பங்கு, உயிரின் விலை அன்று. உயிருக்கு விலை கொடுக்க வேண்டுமென்றால், களத்தின் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.