பத்திக்கு விலை பேசியவர்

ஃபேனி ஃபெர்ன் என்ற புனைபெயரில் எழுதிய சாரா வில்லிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவருடைய கிண்டலையும் துணிச்சலையும் சொல்வார்கள். அவர் வாங்கிய சன்மானத்தைக் கடைசியில் வியப்புச் செய்தியாகச் சேர்ப்பார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்; சன்மானம்தான் அந்தத் துணிச்சலுக்கு அடித்தளம். 1811-இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் பிறந்தவர். தந்தை பத்திரிகை நடத்தியவர், அண்ணன் என். பி. வில்லிஸ் நியூயார்க்கில் பேர்பெற்ற ஆசிரியர். 1846-இல் கணவர் இறந்தபின் இரு வீட்டாரும் முணுமுணுப்போடு கொடுத்த சொற்பத்தில் பிழைத்தார், துணி தைத்தார். 1849-இல் செய்த மறுமணம் இரண்டே ஆண்டில் முறிந்தது. அண்ணனுக்கு அனுப்பிய எழுத்தை அவர் தரமற்றதென்று ஒதுக்கிவிட்டார். 1851-இல் பாஸ்டன் வார இதழ் ஒன்று வெளியிட்ட முதல் கட்டுரைக்குக் கிடைத்தது 50 சென்ட்.

அந்த 50 சென்ட்டிலிருந்து மேலே வந்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல, கணக்கும் காரணம். கட்டுரைத் தொகுப்பை வெளியிட வந்த பதிப்பாளர், மொத்தமாக 1,000 டாலரா, பிரதிக்கு 10 சென்ட்டா என்று கேட்டார். கையில் காசில்லாத விதவைத்தாய் எவரும் ஆயிரத்தைத்தான் பிடித்துக்கொள்வார். சாரா பிரதிக்கணக்கைத் தேர்ந்தார். 1853-இல் வந்த அந்த நூல் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70,000 பிரதிகள் விற்றது. 1855-இல் 'நியூயார்க் லெட்ஜர்' அதிபர் ராபர்ட் பானர், ஒரு தொடர்கதைக்குப் பத்தி ஒன்றுக்கு 100 டாலர் தர ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு முதல் வாராந்தரக் கட்டுரையும் அங்கேதான். 1856-இல் ஜேம்ஸ் பார்ட்டனை மணக்குமுன், தன் சம்பாத்தியமும் சொத்தும் தனக்கும் தன் பிள்ளைகளுக்குமே என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார். மனைவியின் ஊதியம் மனைவிக்கே என்று நியூயார்க் சட்டம் சொன்னது 1860-இல்.

சந்தைக்கு எழுதியவர் சந்தை கேட்டதைத்தானே எழுதியிருப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அவருடைய ஆரம்பக் கட்டுரைகளில் கண்ணீர் கொஞ்சம் தாராளமாகவே ஓடுகிறது. ஆனால் ஊதியம் உறுதியானபின் எழுதியவற்றைப் பாருங்கள்: நியூயார்க்கின் பிளாக்வெல் தீவுச் சிறைக் கைதிகள், வேலைக்காரப் பெண்களின் கூலி, கணவன்மாரின் அதிகாரம், பெண்ணின் வாக்குரிமை. கவிஞர் வால்ட் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' ஆபாசம் என்று தூற்றப்பட்ட 1856-இல் அதைப் புகழ்ந்து எழுதினார். இவற்றில் எதையும் சந்தை கேட்கவில்லை. மறுபக்கம் அதே காலத்து எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லர்: அறிவிலும் படிப்பிலும் இவரைவிட மேலானவர். 'டயல்' இதழுக்கு ஆசிரியராக இருந்தபோது ஆண்டுக்கு 200 டாலர் என்று சொல்லப்பட்டும் அது கைக்கு வராமல், இரண்டே ஆண்டில் விலகினார். அவரும் நிலையான சம்பளம் கண்டது ஹொரேஸ் கிரீலியின் நாளிதழில்தான். பணம் எழுத்தைக் கெடுக்கும் என்ற வாதம், வேறு வருமானம் உள்ளவர்களுக்கு வசதியான வாதம்.

எழுதும் பெண்கள் கூட்டத்தை 1855-இல் சபித்த நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதார்ன், அதே ஆண்டு ஃபெர்னின் 'ரூத் ஹால்' நாவலைப் படித்துவிட்டு, அவரை மட்டும் அந்தச் சாபத்திலிருந்து விலக்கினார். அந்த நாவலின் நாயகியும் எழுதிப் பிழைக்கும் விதவைதான். ஃபெர்ன் 1872 அக்டோபரில் இறக்கும்வரை 'லெட்ஜருக்கு' எழுதினார். பின்வந்த இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அவரைக் கண்ணீர்க்கதைக்காரி என்று ஒதுக்கிவிட்டதால், 'ரூத் ஹால்' ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மறுபதிப்பாக வாசகர் கைக்குத் திரும்ப 1986 ஆயிற்று.