மனச்சிதைவு நோயும் அன்றாட வாழ்வும்

ஒரு நோய்க்கு இடப்படும் பெயரே அந்நோயுற்றாரின் வாழ்வுக்குத் தீர்ப்பாக அமைந்துவிடுவதும் உண்டு. தமிழில் மனச்சிதைவு என வழங்கும் ஸ்கிசோபிரீனியா அத்தகையது. சிதைந்த பானை மீண்டும் பானையாவதில்லை. அதுபோலவே சிதைந்த மனமும் மீளாது என்று கேட்போர் எண்ணிவிடுகின்றனர்.

பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பதும், தமக்கெதிராகச் சூழ்ச்சி நடக்கிறது என்ற அசையாத எண்ணம் எழுவதும் இந்நோயின் வெளிப்படையான குறிகள். ஆனால், குடும்பத்தாரை ஆண்டுக்கணக்கில் வருத்துவன வேறு. எழுந்து குளிக்க மனம் வராது, கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும், தொழில் நின்றுபோகும், மூலையில் அமர்ந்தவர் அமர்ந்தபடியே இருப்பார். அன்றாடச் செயற்பாடு இவ்வாறு குன்றுவது முற்றிலும் நோயின் விளைவுதானா? அன்றி, நோயாளர் வாழும் இடத்திற்கும் அதில் பங்குண்டா? இவ்வினாவிற்கு விடை காண மேனாட்டு அறிஞர்க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அவ்வரலாறு ஆசிரியர்களும் பெற்றோரும் அறியத்தக்கது.

பெயர் தந்த தீர்ப்பு

ஜெர்மானிய மருத்துவ அறிஞர் எமில் கிரேப்பலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைத் தனி நோயாக வகுத்தார். அவர் இட்ட பெயருக்கு ‘இளமையிலேயே வரும் அறிவு மழுக்கம்’ என்பது பொருள். நோயாளருள் பெரும்பாலோர் நாளடைவில் தேய்ந்தே போவர் என்பது அவர் கருத்து. சிலர் நலமடைந்ததை அவரே குறித்திருக்கிறார் எனினும், உலகம் பற்றிக்கொண்டது முதற்கருத்தையே.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியாற்றிய ஆய்கன் புளூலர் இப்பெயர் பொருந்தாது எனக் கண்டார். எல்லாரும் இளமையில் நோயுறுவதில்லை. எல்லார்க்கும் அறிவு மழுங்குவதுமில்லை. ஆகவே 1908இல் ஸ்கிசோபிரீனியா என்னும் சொல்லைப் படைத்தார். ‘மனப்பிளவு’ என்பது அதன் பொருள். பெயர் மாறியது, ஆனால் நம்பிக்கையின்மை மாறவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவமனையில் பணிபுரிவோர் நாள்தோறும் காண்பது நலமடையாமல் தங்கிவிட்டவர்களையும், மீண்டும் நோயுற்றுத் திரும்பியவர்களையுமே. நலமுற்று வீடு சென்று, உழைத்து, குடும்பம் நடத்துகிறவர் மருத்துவர் கண்ணில் படுவதில்லை. பரிசோதனை நாளில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு ஊரிலுள்ள பிள்ளைகள் இத்தனையே என்று முடிவு செய்வது போன்றது இப்பிழை. புளூலரின் மகன் மன்ஃபிரட் புளூலரும் மனநோய் மருத்துவரே. அவர் 208 நோயாளரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 1972இல் நூலாக வெளியிட்டார். நோயாளர் ஓயாது தேய்ந்துகொண்டே போவர் என்னும் பழைய கொள்கையை அந்நூல் மறுத்தது.

மூன்று மருத்துவமனைகள்

அந்நாளைய பெரிய மனநோய் மருத்துவமனைகளில் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுவது, உண்பது, உறங்குவது அனைத்தும் மணியடித்து நடைபெறும். உடையும் உணவும் பிறர் தருவன. செய்வதற்கு வேலையில்லை, தமக்கெனப் பொருளில்லை, காண வருவாரும் காலப்போக்கில் குறைந்துவிடுவர். நல்ல உடல்நலமுள்ளவரை அங்கே இருபது ஆண்டு வைத்திருந்தாலும் அவரும் வாய்பேசாது மூலையில் அமர்ந்துவிடக்கூடும் அன்றோ? ரசல் பார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1959இல் எழுதிய நூலில் இதைத் துணிந்து கூறினார். மடிமையும் பணிந்து ஒடுங்கும் தன்மையும் மூல நோயினால் மட்டும் வருவன அல்ல. மருத்துவமனை வாழ்வே தரும் இரண்டாவது நோய் அது என்பது அவர் வாதம். வேலையின்மை, உரிமைப் பொருள்களை இழத்தல், வெளியுலகத் தொடர்பு அறுதல், ஊழியரின் அதிகாரப்போக்கு ஆகியவற்றை அவர் காரணங்களாகக் காட்டினார்.

வாதத்திற்குச் சான்று வேண்டும். அதைத் தேடியவர் ஜான் விங் என்னும் மருத்துவரும், ஜார்ஜ் பிரௌன் என்னும் சமூகவியல் அறிஞரும் ஆவர். இங்கிலாந்தின் நெதர்ன், மேப்பர்லி, செவரல்ஸ் என்னும் மூன்று மருத்துவமனைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அங்கு நெடுங்காலம் தங்கியிருந்த பெண் நோயாளரை 1960 முதல் 1968 வரை திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்தனர். நோயின் குறிகளை அளந்ததோடு அவர்கள் நிற்கவில்லை, வாழ்க்கையையும் அளந்தனர். இப்பெண்ணுக்கெனச் சொந்தமாக என்னென்ன சிறு பொருள்கள் உள்ளன? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒன்றும் செய்யாதிருக்கிறாள்? அவளால் என்னென்ன செய்ய இயலும் எனச் செவிலியர் நம்புகின்றனர்? இவ்வாறான வினாக்களுக்குரிய விடைகளை எண்ணால் குறித்தனர்.

கண்ட முடிவு தெளிவானது. சூழல் எங்கு வறுமையுற்றிருந்ததோ, அங்கு நோயாளரின் பேச்சும் உணர்ச்சியும் பழக்கமும் மிகுதியாக வறண்டிருந்தன. சூழல் திருந்திய இடங்களில் நோயாளர் நிலையும் திருந்தியது. மாற்றங்கள் பலவற்றுள்ளும் முன்னேற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது ஒன்றே: நோயாளர் ஒன்றும் செய்யாதிருக்கும் நேரம் குறைந்தமை. மருந்து மாற்றத்தால் மட்டும் இத்திருத்தத்தை விளக்க இயலவில்லை. எனினும் சூழலைத் திருத்தியதால் எல்லாரும் முழு நலம் பெற்றுவிடவில்லை. நோயின் பங்கு எஞ்சியே நின்றது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்தே 1970இல் அவர்கள் நூலாக வெளியிட்டனர்.

மருந்தும் வீடும்

1952இல் பிரான்சு நாட்டில் குளோர்புரோமசின் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கியது. மாயக்குரல்களையும் பொய்யெண்ணங்களையும் தணிப்பதில் அதன் பயன் பெரிது. மருந்து இன்றி இன்றைய சிகிச்சை இல்லை. ஆயினும் ஊக்கக்குறைவையும், நினைவும் கவனமும் தளர்வதையும் அம்மருந்து அவ்வளவாக மாற்றவில்லை. கடைக்குச் சென்று நான்கு பொருள் வாங்கி வருவதற்கு எத்தனை ஆற்றல்கள் வேண்டும்! நான்கையும் நினைவில் வைத்தல், வழியில் கவனம் சிதறாதிருத்தல், கடைக்காரர் முகக்குறிப்பை உணர்தல், மீதிச் சில்லறையை எண்ணுதல் ஆகிய அனைத்தும் வேண்டும். குரல்கள் அடங்கிய பின்னரும் இவை தளர்ந்திருந்தால் அன்றாட வாழ்வு தடுமாறும். பார்ப்போர் அதைச் சோம்பல் என்பர். அது சோம்பல் அன்று.

மருத்துவமனைக் கதவுகள் திறந்தபின் நோயாளர் வீடு திரும்பினர். வீட்டுச் சூழலையும் பிரௌன் ஆராய்ந்தார். அவரும் பர்லி, விங் இருவரும் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடுஞ்சொல்லும் குறைகூறலும் அளவு கடந்த தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவருள் நூற்றுக்கு 58 பேர் ஒன்பது மாதத்திற்குள் மீண்டும் நோயுற்றனர். அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவருள் நூற்றுக்கு 16 பேரே அவ்வாறாயினர். இதனால் குடும்பத்தார்தாம் நோயை உண்டாக்கினர் என்பது பொருளன்று. அவர்களும் களைத்தவர்கள், நோயின் தன்மையை எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. தூண்டுதல் இன்மை நோயாளரை ஒடுக்குகிறது. தூண்டுதல் மிகுதி அவரைக் கலக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே அவருக்கு ஏற்றது என்று விங் வற்புறுத்தினார்.

வெர்மான்டில் நடந்தது

ஆங்கிலேயர் மருத்துவமனைக்குள் கண்டதை, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் மருத்துவமனைக்கு வெளியே காட்டியது. வாட்டர்பரி என்னும் சிற்றூரில் அம்மாநிலத்தின் மனநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே மருத்துவர் ஜார்ஜ் புரூக்சும் அவர்தம் துணைவரும் 1950களின் நடுவில் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பின்தங்கிய விடுதிகளில் கிடந்த 269 பேர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் சராசரியாக 16 ஆண்டுகள் நோயுற்றவர்கள்; 10 ஆண்டுகள் எவ்வேலைக்கும் இயலாதவர்கள்; 6 ஆண்டுகள் இடையறாது மருத்துவமனையில் வாழ்ந்தவர்கள். மருந்து மட்டும் தந்து போதிய பயன் காணாதவர்கள்.

இவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவமனைக்கும் ஊருக்கும் இடையே தங்கிப் பழக இல்லங்கள் ஏற்படுத்தப்பட்டன. ஊரில் வேலை தேடித் தந்தனர். வெளியே சென்ற பின்னரும் ஊழியர் தொடர்ந்து துணைநின்றனர். நோய் தீர்ந்த பிறகு வேலை என்று காத்திராமல், வேலையையே நலம் பெறும் வழியாகக் கொண்டமை இத்திட்டத்தின் சிறப்பு.

பல்லாண்டுகள் கழித்துக் கோர்ட்னி ஹார்டிங் என்னும் அம்மையார் இவர்களைத் தேடிப் புறப்பட்டார். சராசரியாக 32 ஆண்டுகள் கடந்திருந்தன. 269 பேருள் 262 பேரைப் பற்றிய செய்தி கிடைத்தது. முடிவு 1987இல் வெளிவந்தபோது மனநோய் மருத்துவர் பலர் வியந்தனர். தேறமாட்டார் எனக் கைவிடப்பட்டவருள் பாதி முதல் மூன்றில் இரு பங்கினர் வரை நலமடைந்தோ, பெரிதும் தேறியோ இருந்தனர்.

அடுத்த வினா எழுந்தது: அது திட்டத்தின் பயனா, வெறும் காலத்தின் பயனா? இதற்காக மேயின் மாநிலத்தின் அகஸ்டா மருத்துவமனையிலிருந்து வயது, பால், நோய், நோயுற்ற காலம் ஆகியவற்றில் ஒத்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அங்கு வெர்மான்டினது போன்ற மறுவாழ்வுத் திட்டம் இருந்ததில்லை. 1995இல் வெளிவந்த ஒப்பீட்டில், உழைப்பு, நோய்க்குறி, ஊரோடு ஒன்றி வாழ்தல் ஆகிய அனைத்திலும் வெர்மான்ட் மக்களே மேம்பட்டிருந்தனர். இரு மாநிலங்களும் எல்லாவற்றிலும் ஒத்தவை அல்ல. ஆகவே வேற்றுமை முழுவதையும் திட்டத்திற்கே உரியதாக்க இயலாது. எனினும் மேயின் மக்களுள்ளும் பலர் தேறியிருந்தனர் என்பதும், வாய்ப்புப் பெற்றவர் இன்னும் மிகுதியாகத் தேறினர் என்பதும் கருதத்தக்கன.

பெயரும் கடமையும்

ஆக, இந்நோயுற்றவரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவை பல. ஊக்கம், நினைவு, கவனம் ஆகியவற்றை நோய் எவ்வளவு தாக்கியது என்பது ஒன்று. முறையான மருந்து மற்றொன்று. வீட்டின் அமைதி, செய்வதற்கு ஒரு வேலை, தமக்கென ஓர் இடமும் பொருளும், உம்மால் இயலும் என நம்புகிற ஒரு மனிதர் ஆகியவை ஏனையவை. முதலாவது நம் கையில் இல்லை. மற்றவை பெரும்பாலும் மனிதர் கையில் உள்ளன.

ஜப்பானியர் 2002இல் தம் மொழியில் இந்நோய்க்கு வழங்கிய ‘மனப்பிளவு’ என்னும் பொருள்படும் பெயரை நீக்கி, ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்னும் பொருள்படும் பெயரை ஏற்றனர். மலேசியாவில் 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்குப் பின்னாளில் ‘மகிழ்ச்சி’ எனப் பொருள்படும் ‘பஹாகியா’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் ஒருவரை ஏளனம் செய்ய அவ்வூர்ப் பெயரைச் சொல்லும் வழக்கம் நம்மிடையே மறையவில்லை. பலகையில் பெயர் மாறினால் போதாது, நாவிலும் மாறவேண்டும். வகுப்பறையில் ஒரு மாணவன் அவ்வேளனத்தைச் சொல்லக் கேட்கும் ஆசிரியர், அதனைச் சிரித்துக் கடந்துவிடாது, அவ்விடத்திலேயே நிறுத்தி இவ்வரலாற்றை எடுத்துரைப்பாராயின், அம்மாணவன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மூலையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அது பயன்படும்.