யூனியன் சேப்பல், இஸ்லிங்டன்

யூனியன் சேப்பல், லண்டனின் வடபகுதியான இஸ்லிங்டனில் காம்ப்டன் டெரஸ் என்னும் வீட்டு வரிசையின் நடுவே எழும்பி நிற்கும் சுயாதீன சபை ஆலயம். ஜேம்ஸ் கியூபிட்டின் வரைபடப்படி 1874 முதல் 1877 வரை கட்டப்பட்டது. விக்டோரியா கால நான்கன்பார்மிஸ்ட் ஆலயங்களுள் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் முறைமைக்கு இணங்காதவர்களே நான்கன்பார்மிஸ்டுகள். 1662ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஜெப புத்தகத்தைக் கட்டாயமாக்கியதை ஒட்டி ஏறத்தாழ 2,000 போதகர்கள் பதவி இழந்தனர். 1689இல் தனியே ஆராதிக்கும் உரிமை கிடைத்தது. ஆனாலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவர்களுக்கு மறுக்கப்பட்டன. இவர்களுள் ஒரு பிரிவினரான சுயாதீன சபையார், பேராயர் இன்றி ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆள வேண்டும் என்ற கொள்கையினர். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பணியாற்றிய லண்டன் மிஷனரி சங்கத்துக்குப் பெரிதும் ஆதரவளித்தவர்கள் இவர்களே.

யூனியன் சேப்பலின் பெயரே அதன் தொடக்கத்தைக் காட்டும். 1799இல் இஸ்லிங்டன் வட்டாரத்தின் அரசுத் திருச்சபையார் சிலரும் சுயாதீன சபையாரும் சேர்ந்து ஆராதிக்கத் தொடங்கினர். 1806இல் காம்ப்டன் டெரஸில் முதல் ஆலயம் எழுந்தது. நாளடைவில் கூட்டு மறைந்து சுயாதீன சபை மட்டும் எஞ்சியது. 1844இல் இங்கு வந்த போதகர் ஹென்றி ஆலன், 1892இல் இறக்கும்வரை பணியில் இருந்தார். சபை முழுவதும் சேர்ந்து பாட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த அவர், அதற்கென்றே வகுப்பு நடத்தினார். இசையமைப்பாளர் ஹென்றி ஜான் காண்ட்லட்டுடன் இணைந்து பாட்டுத் தொகுப்பும் வெளியிட்டார். அவர் காலத்தில் பெருகிய சபைக்குப் பழைய கட்டடம் போதவில்லை.

புதிய ஆலயத்தை வடிவமைத்த கியூபிட் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். 1870இல் அவர் வெளியிட்ட நூல், சபையாருக்கு ஏற்ற ஆலய அமைப்பைப் பற்றியது. இடைக்காலக் கோதிக் பாணி ஆலயத்தில் நீண்ட நடுக்கூடமும் இருபுறமும் தூண் வரிசைகளும் உண்டு. பவனி வருவதற்கு அது பொருத்தம். பிரசங்கம் கேட்பதற்குப் பொருந்தாது. தூணுக்குப் பின்னால் அமர்பவர் பிரசங்கியாரைப் பார்க்கவே முடியாது. மறுபுறம், அன்றைய நான்கன்பார்மிஸ்ட் ஆலயங்கள் பல கூட்ட அரங்குகளாகவே இருந்தன. காதுக்குப் போதுமானவை, கண்ணுக்கு வறட்சியானவை. கோதிக்கை ஏற்பது அரசுத் திருச்சபையைப் பார்த்து நகலெடுப்பதாகும் என்ற முணுமுணுப்பும் சபைகளில் இருந்தது. கியூபிட் எடுத்துக்கொண்டது கோதிக்கின் அணிகளை மட்டுமே, அதன் தரைத்திட்டத்தை அல்ல.

வெனிஸ் அருகே டொர்செல்லோ தீவிலுள்ள சாந்தா ஃபோஸ்கா ஆலயம் அவருக்கு முன்மாதிரி. அதைப் பின்பற்றி நடுவில் எண்கோணமான அகன்ற வெளியை அமைத்து, சுற்றிலும் மாடங்களை வைத்தார். மேலே மரக்கூரை உயர்ந்து செல்கிறது. இருக்கைகள் பிரசங்க பீடத்தை நோக்கி அமைந்துள்ளன. பலிபீடத்துக்குரிய இடம் இங்கே பிரசங்க பீடத்துக்குத் தரப்பட்டிருக்கிறது. வெளிப்புறம் செங்கல், உள்ளே பலநிறக் கல்லும் சலவைக்கல்லும்.

1877இல் ஹென்றி வில்லிஸ் செய்த குழல் ஆர்கன், பீடத்துக்குப் பின்னால் தட்டிகளின் மறைவில் உள்ளது. மற்ற ஆலயங்கள் பொன்முலாம் பூசிய குழல்களைப் பெருமையாகக் காட்டிய காலத்தில் இங்கே இசைப்பவரும் தெரியமாட்டார், குழலும் தெரியாது. பாட்டு சபையாருடையது என்ற ஆலனின் எண்ணத்துக்கு இது ஒத்திருக்கிறது. நீரழுத்தத்தால் காற்றூட்டும் பழைய பொறியும் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் இயங்குகிறது. ஆலயத்தினுள் பதித்த சிறு கல், 1620இல் அமெரிக்கா சென்ற சமயப் பயணிகள் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் பிளிமத் பாறையின் துண்டு.

முகப்புக் கோபுரம் 1889இல்தான் நிறைவுற்றது. இருபதாம் நூற்றாண்டில் சபை சுருங்கியது; 1980களில் ஆலயத்தை இடிக்கும் பேச்சு எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இன்று இது முதல் தரப் பாதுகாப்புக் கட்டடம். ஞாயிறு ஆராதனை தொடர்கிறது. இசை நிகழ்ச்சிகளும் வீடற்றோருக்கான உதவிப் பணியும் நடைபெறுகின்றன.