திராட்சைத் தேறலும் தங்கப் பதக்கமும்

மது அருந்தும் வழக்கம் எனக்கு இல்லை. ஆயினும், மதுவைப் பற்றிய இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு ஒரு தீபாவளி விருந்தே காரணம். என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்று, இன்று பொறியியலாளராக விளங்கும் ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார். அவருடன் பணிபுரியும் சீன நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்த திராட்சை மதுப் புட்டி ஒன்று மேசைமேல் இருந்தது. அதன் கழுத்துக்குக் கீழே பொன்னிறத்தில் வட்டமான ஓர் ஒட்டுத்தாள். ஏதோ ஒரு போட்டியில் அது தங்கப் பதக்கம் பெற்றது என அச்சிடப்பட்டிருந்தது. "ஐயா, தங்கப் பதக்கம் என்றால் தரமானதாகத்தானே இருக்கும்?" என்று அவர் கேட்டார். முப்பது ஆண்டுகளாகப் பேச்சுப் போட்டிகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் புள்ளியிட்டு வந்த எனக்கு, 'ஆம்' என்று உடனே சொல்ல நா எழவில்லை. பின்னர் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் பெரும்பகுதி மதுவைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. நம்மைப் பற்றியதாகவே தோன்றியது.

மதுவைத் தரம் பிரிக்கும் ஆசை பழமையானது. யவனர் கலங்களில் வந்திறங்கிய தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. 1945ஆம் ஆண்டு வீலர் நிகழ்த்திய அரிக்கமேட்டு அகழாய்வில், அத்தகைய மதுவைக் கொண்டுவந்த மட்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அந்த யவனரின் நாட்டிலேயே, கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் அறிஞர் தம் இயற்கை வரலாற்று நூலில் மது வகைகளை முதல்தரம், இரண்டாந்தரம் என வரிசைப்படுத்தினார். அகஸ்டஸ் பேரரசர் விரும்பிய செட்டியா நகரத்து மது முதலிடம் பெற்றது. புகழ் பெற்ற பலேர்னிய மது இரண்டாமிடத்தில் நின்றது. அரசர் விரும்பியதே சிறந்தது எனக் கொள்வதில் உள்ள வசதியை விளக்க வேண்டியதில்லை.

இக்கால வரிசைகளுள் மிகவும் பெயர் பெற்றது 1855ஆம் ஆண்டின் போர்தோ வரிசை. மூன்றாம் நெப்போலியன் பாரிசில் நடத்திய உலகப் பொருட்காட்சிக்காக, போர்தோ நகரத்து மதுத் தரகர்கள் தம் வட்டாரத் தோட்டங்களை ஐந்து படிகளாக வகுத்துக் கொடுத்தனர். சிவப்பு மதுவில் முதற்படி பெற்றவை லபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கே. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த வரிசை, கோப்பையில் ஊற்றிச் சுவைத்து வகுத்ததன்று. நெடுங்காலமாக எந்தத் தோட்டத்து மது என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கே அதற்கு அடிப்படை. விலையைக் கொண்டு தரம் கண்டனர். பின்னர் அத்தரத்தைக் காட்டியே விலை ஏறிற்று. முதற்படிக்கு இன்னொரு தோட்டம் உயர்த்தப்பட 118 ஆண்டுகள் ஆயின. 1973இல் மூட்டோன் அவ்வுயர்வைப் பெற்றது.

பொருட்காட்சிகள் மற்றொரு வழக்கத்தையும் வளர்த்தன. பட்டறைக் கருவி முதல் பாலாடைக்கட்டி வரை எல்லாவற்றுக்கும் பதக்கம் கொடுத்தனர். பதக்கத்தின் படத்தைப் பொருளின்மேல் அச்சிட்டு விற்றனர். அந்த வழக்கத்தின் பேரப்பிள்ளைதான் என் மாணவரின் மேசைமேல் இருந்த பொன்னிற வட்டம்.

ஆனால், பதக்கம் என்றவுடன் நம் உள்ளத்தில் எழுவது ஓட்டப் பந்தயம். ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி, ஒருவருக்கு வெண்கலம். மதுப் போட்டி அவ்வாறன்று. அது தேர்வுத்தாள் திருத்துவது போன்றது. குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியவை அனைத்தும் தங்கம் பெறும். அதற்குக் கீழே வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். ஒரே போட்டியில் நூற்றுக்கணக்கான தங்கங்கள் வழங்கப்படுவதும் உண்டு. உலகத் திராட்சை, மது அமைப்பின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில், வந்த மதுக்களுள் நூற்றுக்கு 30க்கு மேல் பதக்கம் தரலாகாது என்ற விதி இருக்கிறது. ஏனைய போட்டிகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. போட்டியில் சேர்வதற்கு மது செய்வோர் கட்டணம் செலுத்துகின்றனர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாளுக்கு வருவோம். பாரிசில் மதுக்கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டையொட்டி ஒரு சுவைப் போட்டியை ஏற்பாடு செய்தார். கலிபோர்னியாவின் மதுக்களோடு பிரான்சின் பெருமை வாய்ந்த மதுக்களையும் கலந்து, பெயர் தெரியாதவாறு மறைத்து, ஒன்பது பிரெஞ்சு வல்லுநர்களின் முன் வைத்தார். செய்தியாளர் என்று வந்திருந்தவர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர் ஒருவரே. பிரான்சு எளிதில் வெல்லும் என்று எண்ணியதால் மற்றவர்கள் வரவில்லை. கலிபோர்னிய மதுவைச் சுவைத்த நடுவர் ஒருவர், இது நம் நாட்டுச் சுவைதான் என்று மகிழ்ந்து கூறியதை டேபர் பதிவு செய்திருக்கிறார். முடிவில் வெள்ளை மதுவில் கலிபோர்னியாவின் ஷாத்தோ மான்டலேனா முதலிடம் பெற்றது. சிவப்பில் அதே மாநிலத்தின் ஸ்டேக்ஸ் லீப் முதலிடம் பெற்றது. நடுவருள் ஓர் அம்மையார் தம் புள்ளித்தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார், ஸ்பரியர் மறுத்துவிட்டார்.

உலக மது வரலாற்றையே மாற்றிய நிகழ்ச்சி என்று அதைப் போற்றுவர். போற்றட்டும். நாம் ஆசிரியர்கள், புள்ளிப் பட்டியலைப் பார்ப்போம். ஒருவர் 20 புள்ளிவரை இடலாம். ஒன்பதின்மருக்கு முழுப்புள்ளி 180. சிவப்பில் வென்ற மது பெற்றது 127.5. அடுத்து நின்ற மூட்டோன் பெற்றது 126. நூற்றெண்பதில் ஒன்றரைப் புள்ளி! ஒரு நடுவர் அன்று காலையில் சற்றே தாராளமாக இருந்திருந்தால் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும். பத்தாண்டுக்குப் பின், 1986இல் அதே சிவப்பு மதுக்களை மீண்டும் சுவைத்தபோது, முன்னர் எட்டாமிடத்தில் இருந்த குளோ டு வால் முதலிடத்திற்கு வந்தது. 2006இல் மூன்றாம் முறை சுவைத்தபோது, முதன்முறை ஐந்தாவதாக நின்ற ரிட்ஜ் முதலிடம் பெற்றது. மது வயதேறுந்தோறும் மாறும் பொருள் என்பதால், இம்மாற்றத்தை முழுதும் நடுவர்களின் பிழையாகச் சுமத்துதல் முறையன்று. எனினும், கலிபோர்னிய மது பிரெஞ்சு மதுவுக்குத் தாழ்ந்ததன்று என்ற பொது முடிவு மூன்று முறையும் நின்றது. எது முதல், எது எட்டு என்ற நுண்வரிசை ஒருமுறையும் நிற்கவில்லை.

நடுவர்களையே தேர்வுக்கு உட்படுத்தும் துணிவு பிறக்க மேலும் முப்பதாண்டுகள் ஆயின. அதைச் செய்தவர் ராபர்ட் ஹாட்சன். கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர்; தாமே சிறு மதுப்பட்டறையும் நடத்தியவர். ஒரு போட்டியில் தங்கம் பெற்ற தம் மது மற்றொரு போட்டியில் ஒன்றுமே பெறாமல் திரும்பி வருவதைக் கண்டு அவர் வியந்தார். நம்மைப் போன்றவர் நடுவரைக் குறை கூறிவிட்டு உறங்கியிருப்போம். அவர் புள்ளியியல் அறிந்தவராதலின் ஒரு சோதனையை வகுத்தார்.

கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சியின் மதுப் போட்டியில் 2005ஆம் ஆண்டு தொடங்கி அச்சோதனை நடந்தது. நால்வர் கொண்ட ஒவ்வொரு நடுவர் குழுவின் முன்னும் முப்பது கோப்பைகள் வைக்கப்பட்டன. அவற்றுள் சில, ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றப்பட்டவை. நடுவருக்கு அது தெரியாது. ஆண்டுதோறும் 65 முதல் 70 நடுவர்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். ஒரே மதுவுக்கு மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்தில் புள்ளியிட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவினரே. இன்னுமொரு பத்து விழுக்காட்டினர், ஒரே மதுவுக்கு ஒருமுறை வெண்கலமும் மற்றொருமுறை தங்கமும் கொடுத்த நேரங்கள் உண்டு. அம்முடிவுகளை ஹாட்சன் 2008இல் ஆய்விதழில் வெளியிட்டார். ஒரு சொல் இடையே சொல்ல வேண்டும்: தன் நடுவர்களைச் சோதிக்க இடங்கொடுத்து, வந்த முடிவை வெளியிடவும் இசைந்த அப்பொருட்காட்சிக் குழுவினர் பாராட்டுக்குரியோர். நம்மிடையே எத்தனை போட்டிக் குழுக்கள் அதற்கு இசையும்?

அடுத்த ஆண்டே அவர் மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்காவின் 13 மதுப் போட்டிகளின் முடிவுகளை ஒருங்கே வைத்து நோக்கினார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்டவை 2,440 மதுக்கள். அவற்றுள் நூற்றுக்கு 47 ஏதேனும் ஒரு போட்டியில் தங்கம் பெற்றிருந்தன. அவ்வாறு தங்கம் பெற்றவற்றுள் நூற்றுக்கு 84 வேறொரு போட்டியில் எந்தப் பரிசும் பெறாதவை! ஓரிடத்தில் தங்கம் பெற்றதற்கும் மற்றோரிடத்தில் தங்கம் பெறுவதற்கும் தொடர்பே காணப்படவில்லை; பெரும்பாலும் தற்செயலே ஆள்கிறது என அவர் முடித்தார்.

மாணவர்கள் இதை எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போட்டியில் தங்கம் கிடைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்து போட்டிகளுக்கு அனுப்பினால், ஒன்றிலேனும் தங்கம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 41. புட்டியின்மேல் ஒட்டப்படுவது கிடைத்த தங்கம் மட்டுமே. கிடைக்காத நான்கிற்கு ஒட்டுத்தாள் இல்லை.

நடுவர்கள் அறியாதவர்களா? அல்லர், அவர்கள் தொழிலறிந்தோர். ஆயினும் ஒரே நாளில் பல பத்துக் கோப்பைகளைச் சுவைத்துத் துப்பும் நாக்கு களைத்துப்போகிறது. இனிப்பான ஒன்றன்பின் வரும் புளிப்பு மிகையாகத் தெரிகிறது. கண்ணும் நாக்கை ஏமாற்றுகிறது. போர்தோவில் மதுவியல் பயின்ற 54 மாணவர்களிடம் வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை அவர்கள் வருணித்தனர் என்று 2001இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

இவ்வளவும் சொன்னபின், பதக்கம் முற்றிலும் பொய் என்று முடித்துவிட்டால் அதுவும் நேர்மையன்று. ஹாட்சனின் ஆய்விலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. தமக்குப் பிடித்தவற்றில் தடுமாறிய நடுவர்கள், பிடிக்காதவற்றில் அவ்வளவாகத் தடுமாறவில்லை. ஆகவே கெட்டுப்போனதையும் பழுதுபட்டதையும் கழித்துவிட இத்தகைய போட்டிகள் உதவும் எனக் கொள்ளலாம். பெயரை மறைத்துச் சுவைப்பதிலும் ஒரு நீதி உண்டு. 2007இல் அதே கலிபோர்னியப் பொருட்காட்சியில், இரண்டு டாலர் அளவில் விற்ற சார்ல்ஸ் ஷா என்னும் மலிவு வகை, மாநிலத்தின் சிறந்த ஷார்டனே எனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதைத் தற்செயல் என்று சிரித்தோரும் உளர். விலைக்கு விழுந்த அடி என்று மகிழ்ந்தோரும் உளர். 1855இன் தரகர்கள் அதை எண்ணிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

என் மாணவருக்கு நான் இவ்வாறு எழுதினேன்: "அப்பதக்கம், இது பழுதற்றது என்று ஓரளவு சொல்லும். பதக்கமில்லாத பக்கத்துப் புட்டியைவிட உயர்ந்தது என்று சொல்லாது. ஒரே ஆண்டில் நான்கைந்து போட்டிகளிலும் பதக்கம் பெற்றிருந்தால் சற்று நம்பலாம்."

பிறருக்குச் சொல்வது எளிது. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மாணவர் கட்டுரைப் போட்டிக்கு நான் நடுவராயிருந்தேன். எழுபதுக்கு மேற்பட்ட தாள்கள். பெயர் மறைத்து எண் இட்டு அனுப்பியிருந்தனர். படியெடுத்தபோது நேர்ந்த தவறால் ஒரே கட்டுரை இரண்டு எண்களில் வந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. முதல்நாள் இரவு அதற்கு 82 புள்ளிகள் இட்டிருக்கிறேன். மறுநாள் மாலை, பள்ளிக் கூட்டம் முடிந்து களைத்து வந்தபின் 71. ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தவற்றைச் சொல்லி, "எந்தப் புள்ளியை எடுத்துக்கொள்வது, ஐயா?" என்று தணிந்த குரலில் கேட்டார். தேர்வுப் புள்ளிகளில் தற்செயலின் பங்கை எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் 1888இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார் என்று பயிற்சிக் கல்லூரியில் நான் படித்ததுண்டு. படித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டின் சராசரியை இடுமாறு சொன்னேன். 76.5. அக்கட்டுரையை எழுதிய பிள்ளைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. 82ஐ எடுத்திருந்தால் இரண்டாம் பரிசு பெற்றிருப்பாள் என்பதைப் பரிசளிப்பு நாளன்று பட்டியலைப் பார்த்தபோதுதான் அறிந்தேன். மேடையேறி வந்து, என் கையிலிருந்துதான் அந்தச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டாள்.