கேத்தி பாசல் மிஷனும் படகர் கிறித்தவச் சபையின் தோற்றமும்

முன்னுரை

நீலகிரியின் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உதகை புனித ஸ்தேவான் ஆலயத்திற்குச் சென்னை ஆளுநர் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டியதும், அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டதும் சுற்றுலாக் கையேடுகள் வரை இடம்பெற்றுவிட்டன. அது மலையேறி வந்த ஆங்கிலேயருக்காக எழுந்த ஆலயமாகும். மலையிலேயே வாழ்ந்த படகர்களிடையே ஒரு சபை உருவான வரலாறு கேத்திப் பள்ளத்தாக்கில் தொடங்குகிறது.

கிறித்தவ மறைப்பணியாளர் நீலகிரிக்கு வந்தது அதற்கும் முற்பட்டதே. 1603இல் மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்த பெனிசியோ என்னும் இயேசு சபைத் துறவி, மலைமேல் பழங்கிறித்தவர் இருப்பதாகக் கேள்வியுற்றுத் தேடினார். அவர் கண்டவர்கள் தோதவரும் படகருமே. அவருடைய குறிப்பு நீலகிரி மக்களைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியப் பதிவு எனும் மதிப்பைப் பெற்றது. சபை எதுவும் உருவாகவில்லை.

கேத்தியில் தொடக்கம்

1834இல் மங்களூரில் பணி தொடங்கிய பாசல் மிஷன் 1846இல் கேத்தியில் நிலையம் அமைத்தது. இதற்கு வழிவகுத்தவர் சென்னை அரசுப் பணியில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற காசமேஜர் ஆவார். 1849இல் அவர் இறந்தபோது கேத்தியிலிருந்த தம் சொத்தைப் படகரிடையே நடைபெறும் பணிக்கே விட்டுச் சென்றார். ஆக, சபைக்கு உறுப்பினர் ஒருவரும் கிடைக்கும் முன்பே வீடும் நிலமும் கிடைத்துவிட்டன.

படகர்களுள் முதலாமவர் திருமுழுக்குப் பெற்றது 1858இல்தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை மிஷன் நோக்கில் தோல்விக் காலம் எனக் கொள்வது எளிது. ஆனால் படகர் ஹட்டிகளின் சமூக அமைப்பை நோக்கினால் வேறொரு விளக்கம் புலப்படும். கோத்தர் இசையும் இரும்புக் கருவிகளும் தந்தனர். தோதவர் நெய் தந்தனர். குறும்பர் சடங்குக் காவல் செய்தனர். படகர் தானியம் வழங்கினர். இப்பரிமாற்றம் இறப்புச் சடங்குகளில்தான் மிக வெளிப்படையாக நிகழ்ந்தது. எனவே புதுச் சமயம் தழுவுபவர் வழிபாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சாவு வீட்டில் தமக்குரிய இடத்தையும், அதன்வழி உறவினரையும் ஊரையும் இழக்க நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுத் தயக்கம் போதனை புரியாமையால் விளைந்ததன்று. அதன் விலையை நன்கு உணர்ந்திருந்தமையால் விளைந்தது எனக் கருதுவதே பொருத்தம்.

மெட்சும் இறப்புச் சடங்கும்

ஊர் ஊராக நடந்து போதித்த மெட்ஸ் என்னும் மறைப்பணியாளர் இதை ஓரளவு அறிந்திருந்தார். இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து அவற்றை ஒரு கன்றின்மேல் ஏற்றி அதனை விட்டுவிடும் படகர் சடங்கு அவர் கவனத்தை ஈர்த்தது. லேவியராகமத்தின் போக்காடு அவருக்கு நினைவு வந்திருக்கக்கூடும். நீலகிரிப் பழங்குடிகள் பற்றி 1856இல் அவர் வெளியிட்ட நூல் பின்வந்த மானிடவியலாளர்க்கு அடிப்படை ஆவணமாயிற்று. மதம் மாற்ற வந்தவரே மாற்றப்பட வேண்டியதாகத் தாம் கருதிய வழக்கங்களைப் பதிவு செய்தவராகவும் ஆனது நீலகிரிக்கு மட்டும் உரிய முரண் அன்று. எனினும் இங்கு அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

மொழிச் சிக்கல்

படகு மொழிக்குத் தனி எழுத்து வழக்கில் இல்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த மிஷனார் அதனைக் கன்னடத்தின் கிளையாகவே கண்டனர். ஆயினும் லூக்கா நற்செய்தியைப் படகு மொழியில் பெயர்த்து 1852இல் அச்சிட்டனர். முதல் படகர் சபையில் சேர்வதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே அவர் மொழியில் நற்செய்தி நூல் இருந்தது என்பது கருதத்தக்கது. 1867இல் கோத்தகிரியிலும் நிலையம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டில் நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஆணையர் ஒருவரின்கீழ் வந்தது. பெருகிய அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் தமிழே பரவியது. கன்னட வழிப் போதனையின் தேவை குறைந்தது.

முதல் உலகப் போரின்போது பாசல் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்கள் தடுத்து வைக்கப்பட்டுப் பின் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். மங்களூரை நோக்கியிருந்த மலைச் சபை சமவெளியை நோக்கித் திரும்பியது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நீலகிரி இன்று அதன் கோயம்புத்தூர்த் திருமண்டலத்திற்குள் அடங்குகிறது.